நான்கு மால்

சேரன்மகாதேவி சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் சர்பத் வண்டிக்கும் நடுவே
என் மேசை.
முப்பத்தோரு வருடமாய் ஊரார் சொத்து
என் கையெழுத்தில்தான் கை மாறுகிறது.

முக்கூடல் பீடிக் கமிஷன் கடை சொரிமுத்து
டாக்டர் சர்டிபிகேட்டோடு வந்து உட்கார்ந்தார்.
நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று
ஒரே வரியில் முடித்திருந்தார் டாக்டர்.
அந்த வரி முழுக்க இருமினார் இவர்.

"உயில் எழுதணும் வே.
வீடும் வயலும் பயலுவளுக்கு, சரிபாதி.
குடோனு மட்டும் அந்த எக்ஸ்ரே வண்டிக்கு."

செவ்வாய்க்கிழமை தோறும்
பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து நிற்குமே,
நெஞ்சு நோய் அறக்கட்டளை வண்டி.
படம் எடுத்து, சளி பார்த்து,
மாத்திரையை விழுங்கினாளா என்று
வீடு தேடி ஆள் அனுப்புவார்களே, அது.

எழுதினேன்.
'என் ஆயுளுக்குப் பின்' என்ற இடத்தில்
எப்போதும் பேனா கொஞ்சம் வேகமாய் ஓடும்.
'யாருடைய தூண்டுதலும் இன்றி'
என்று வந்தபோது கையைப் பிடித்தார்.
"அது பொய்யி. தூண்டுதல் இருக்கு."

ஆயிரம் பீடிக்கு ஒரு கை கழிப்பாராம்.
இலை கிழிசல், தூள் கம்மி, முனை மடியல,
ஏதாவது ஒன்று கைவசம் இருக்கும்.
சுளவோடு நிற்கிறவர்கள் வாய் திறப்பதில்லை;
திறந்தவளுக்கு மறுநாள் சொத்தை இலையாய் வரும்.

"கழிச்சத நான் கீழ கொட்டல வே.
கட்டி வித்தேன்.
குடோனு சுவரு பூரா அந்தக் கழிவுதான்.
அதையும் சேத்து எழுதும்."

உயிலில் காரணத்துக்குக் கட்டம் கிடையாது அண்ணாச்சி.
எது, யாருக்கு, எவ்வளவு.
மிச்சத்தை எழுதினால் நாளைக்குக் கோர்ட்டில்
உங்கள் பயல்கள் அதைப் பிடித்துத் தொங்குவார்கள்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
சர்பத் வண்டியில் ஐஸ் உடைக்கிற சத்தம்.
"நாலு மாலு எழுதுவீருல்லா?
அதுல ஆளு பேரு வருமுல்லா?"

வரும்.
வடக்கே யார்?
"செய்யதலி பாத்திமா. மௌத்தாயிட்டா.
கடைசில ரத்தமா துப்புனா."
கிழக்கே?
"பேச்சித்தாய். அவளும்தான்."
தெற்கே வாய்க்கால். மேற்கே தெரு.

செத்தவர் பேரில் மால் சொன்னால்
சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார்.
ஒரு சொல் சேர்த்தேன்:
'செய்யதலி பாத்திமா வாரிசுகள் வீட்டுக்குத் தெற்கு,
பேச்சித்தாய் வாரிசுகள் மனைக்கு மேற்கு,
வாய்க்காலுக்கு வடக்கு, தெருவுக்குக் கிழக்கு,
இதற்குள்பட்ட பதினொன்றேகால் சென்ட்.'

படிக்கச் சொன்னார்.
சர்வே நம்பரை விட்டுவிட்டு
மாலை மட்டும் இன்னொரு தடவை கேட்டார்.

சாட்சிக்கு ஒருவர் டீக்கடை இசக்கி.
இன்னொருத்தி மாடத்தி,
இப்போதும் அவர் கடைக்குச் சுற்றுகிறவள்.
பெருவிரலை மையில் உருட்டி வைத்தாள்;
ரேகை விழவில்லை, ஒரு கறுப்புப் பொட்டு.
மற்ற விரலிலும் அதே பொட்டு.
பிறகு, அறிவொளியில் படித்த எழுத்தை
ஒவ்வொன்றாய் மடித்துச் செருகி
மாடத்தி என்று போட்டாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் என்னிடம்.
சாட்சிக்கு அது தெரிய வேண்டியதில்லை,
கையெழுத்துப் போட்டவர் அவர்தான் என்று
பார்த்தால் போதும் என்றேன்.
சட்டம் அப்படித்தான்.
அதன் பின்னால் நிற்க எனக்கு வசதியாகவும் இருந்தது.

வெளியே வந்து அரைநாள் கூலி கொடுத்தார்.
அவள் திருப்பி எண்ணினாள்.
"அஞ்சு ரூவா கொறையுது மொதலாளி.
கழிவா?"

சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்தது.
ஜெராக்ஸ் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.
தண்ணீர் வாங்க நான் ஓடினேன்.
திரும்பி வந்தபோதும்
நீட்டிய கையை மடக்காமல்
நின்றுகொண்டிருந்தாள்.